மரம் நட மானியம் உண்டு, காணி உறுதி இருந்தால்

உங்கள் வளவில் நிற்கும் பலாமரம் யாருடையது?

கண்டியில் இப்படிக் கேட்டால் சிரிப்பார்கள். பழம் வீட்டுக்காரருடையது, குழை ஆட்டுக்கு, நிழல் எல்லோருக்கும். ஆனால் அந்த மரத்தைத் தறிக்க வேண்டுமென்றால் கிராம உத்தியோகத்தரிடம் போகவேண்டும், பிரதேச செயலகத்தின் அனுமதி வேண்டும், தறித்ததை லொறியில் ஏற்றிக்கொண்டு போவதற்கு இன்னொரு கடதாசி வேண்டும். 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தனியார் காணியில் நின்றாலும் அனுமதியின்றித் தறிக்கக்கூடாது என்கிறது. பனை தறிக்க அனுமதி கேட்டு அலைந்த யாழ்ப்பாணத்தவர்களுக்கு இந்தச் சட்டம் புதிதல்ல.

மூன்றும் சோறு இல்லாத நாளில் வயிற்றை நிரப்பும் மரங்கள். சட்டத்தின் நோக்கத்தில் பிழை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் தறிக்காதே என்று சொல்லும் அரசு, நடுகிறவருக்கு என்ன தருகிறது, யாருக்குத் தருகிறது? அதைத் தேடித்தான் கண்டிக்குப் போனேன்.

நான் கிளிநொச்சியில் வளர்ந்தவள். அம்மாவின் குடும்பம் கண்டி மாவட்டத் தோட்டமொன்றில் இருந்து 1977 வன்செயலுக்குப் பிறகு வன்னிக்கு வந்தது. கண்டியின் மரங்களைப் பற்றி வடக்கில் இருப்பவர்கள் ஏன் வாசிக்க வேண்டும் என்று நண்பர் ஒருவர் கேட்டார். அங்கே மரத்துக்கு உதவி கிடைக்கும் விதமும், இங்கே மரத்தால் காணி போன விதமும் ஒரே கேள்வியில் வந்து முட்டுகின்றன. கையில் என்ன கடதாசி இருக்கிறது?

காடு போலத் தெரியும் வளவுகள்

பேராதனையில் கலஹா பஸ் ஏறி, பல்கலைக்கழகத்தைத் தாண்டி ஹிந்தகலைப் பக்கமாக மேலே போகும்போது இருபுறமும் காடு என்றுதான் நினைப்பீர்கள். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் பச்சைக்குள் ஓட்டுக்கூரை தெரியும், அடுப்புப் புகை தெரியும். அது காடு அல்ல, வீட்டுத்தோட்டம். உச்சியில் தென்னை, பலா, கித்துள், சப்பு. அதற்குக் கீழே கராம்பு, சாதிக்காய், கமுகு, பட்டர்புரூட். கிளிசரிடியாவிலும் முருக்கிலும் ஏறும் மிளகுக்கொடி. இன்னும் கீழே கோப்பி, வாழை, இஞ்சி, மஞ்சள், கிழங்கு. பல வளவுகள் ஓர் ஏக்கர்கூட வராது. உலகத்தில் வேளாண்காடு பற்றி எழுதுகிற ஆய்வாளர்கள் கண்டி வீட்டுத்தோட்டத்தைத் தொடாமல் போவது அரிது.

இது யாரும் திட்டம் போட்டு உண்டாக்கியது அல்ல. கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய 20 வருடம் சிறைபட்டிருந்த ஆங்கிலேயன் றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலிலேயே பலா, கமுகு, கித்துள் பற்றிய விவரங்கள் வருகின்றன. மிளகு வருடாந்தக் காசு. கராம்பு ஒரு வருடம் அள்ளித்தரும், அடுத்த வருடம் ஏமாற்றும். பலாவும் சப்பும் மகள் கல்யாணத்துக்கோ கூரை போடவோ வைத்திருக்கும் மரங்கள். 2022இல் எரிவாயு வரிசை நீண்டபோது கண்டிக் கிராமங்களில் அடுப்பு எரிந்தது இந்த வளவுகளின் கிளைகளால்தான்.

நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவது 1990இல் தடைசெய்யப்பட்ட பின்னர், தளபாடத்துக்கும் கூரைக்கும் போகும் மரத்தில் பெரும்பங்கு காட்டுக்கு வெளியிலிருந்தே வருகிறது: வீட்டுத்தோட்டம், இறப்பர், தென்னை. 1995ஆம் ஆண்டின் தேசிய வனக்கொள்கை இதை ஒப்புக்கொண்டு, வீட்டுவளவுகளில் மரம் வளர்ப்பதை மரத்தேவையை நிறைவுசெய்யும் முக்கிய வழிகளில் ஒன்றாக ஊக்குவிக்க வேண்டும் என்றது. பல்லேகலையிலோ மாத்தளை வீதியிலோ உள்ள மர ஆலைக்குள் நுழைந்து பார்த்தால் கொள்கை எழுதியவர்களைவிட வேகமாக வியாபாரிகள் அதைப் புரிந்துகொண்டது தெரியும்.

உதவி எந்த வாசலால் வருகிறது

தனியார் காணியில் மரம் வளர்ப்பதற்கு என்று ஒரே ஒரு அலுவலகம் கண்டியில் இல்லை. உதவி வேறுவேறு பெயர்களில் வருகிறது.

கண்டியில் அதிகம் புழங்குவது ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் உதவி. 1972இல் சிறு ஏற்றுமதிப் பயிர்கள் திணைக்களமாகத் தொடங்கியது. தலைமையகம் பேராதனைக்குப் பக்கத்தில் கெட்டம்பேயில் இருக்கிறது. மிளகு, கராம்பு, சாதிக்காய், கறுவா, கோப்பி, கொக்கோ போன்றவற்றுக்குக் கன்றும் மானியமும் தருவது இதன் வேலை. பெயரில் மரம் இல்லை. ஆனால் கராம்பும் சாதிக்காயும் மரங்கள்தான், மிளகு ஏறவும் மரம் வேண்டும். விண்ணப்பித்தால் பிரதேச விரிவாக்க உத்தியோகத்தர் வந்து காணியைப் பார்ப்பார், நட்ட பிறகும் வந்து பார்ப்பார், பணம் ஒரேயடியாக அல்லாமல் கட்டம் கட்டமாக வரும். ஓர் அரசுத் திட்டம் இத்தனை வருடம் ஊரில் நிலைத்திருக்கிறது என்றால் இந்த உத்தியோகத்தர் மோட்டார் சைக்கிளில் வந்துபோவதும் ஒரு காரணம் என்பேன்.

தேயிலைச் சிற்றுடைமையாளருக்கு அவர்களுக்கான அதிகாரசபை மீள்நடுகைக்கு உதவுகிறது, நிழல்மரமும் அதற்குள் வந்துவிடும். கன்னொருவையில் இயங்கும் ஹதபிம அதிகாரசபை, கைவிடப்பட்ட மத்திய மலைநாட்டுத் தேயிலைக் காணிகளைப் பல்பயிராக மாற்றுவதற்கு உருவான நிறுவனத்தின் வாரிசு. கிளிசரிடியாவை 2005இல் அரசாங்கம் நாலாவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்ததையும் சொல்லவேண்டும். தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த இடம் வேலிக்கதியாலுக்குக் கிடைத்தது. அறிவித்தார்கள், அவ்வளவுதான் என்று மிளகுக்காரர் ஒருவர் சிரித்தார்.

வனவளத் திணைக்களத்தின் பங்கு திட்டம் திட்டமாக வந்தது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனோடு 1982இல் சமுதாய வனத்திட்டம் தொடங்கியது, கண்டியும் அதில் ஒரு மாவட்டம். 1993இலிருந்து பங்கேற்பு வனத்திட்டம். வீட்டுத்தோட்டங்களுக்குக் கன்று கொடுத்தார்கள், கிராமங்களில் தனியார் நாற்றுமேடைகளை ஊக்குவித்தார்கள். விவசாயி மரத்தோட்டம் என்றொரு ஏற்பாடும் இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

அரசே இதில் முதலாமவர் அல்ல. பாணந்துறையைச் சேர்ந்த ஆர்தர் வீ. டயஸ் கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் நாடெங்கும் பலா நட வைத்ததால் சிங்களத்தில் ‘கொஸ் மாமா’ என்றே பெயர் எடுத்தார், பலா மாமா. மானியம் இல்லை, படிவம் இல்லை.

ஏனைய நாடுகளோடு ஒப்பிட்டால் இங்கே ஒரு பலவீனம் கண்ணில் படுகிறது. பெரும்பாலும் நடுவதற்கே உதவி, வளர்ப்பதற்கு அல்ல. மரநடுகை மாதம் வந்தால் கன்று விநியோகிக்கப்படும், படம் எடுக்கப்படும், அடுத்த வருடம் அந்தக் கன்று இருக்கிறதா என்று எண்ண ஒருவரும் வருவதில்லை. தமிழ்நாட்டில் 2021-22இல் தொடங்கிய நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்தில் கன்று இலவசம். அதோடு இரண்டாம் வருடத்திலிருந்து நாலாம் வருடம் வரை உயிரோடு நிற்கும் ஒவ்வொரு கன்றுக்கும் வருடத்துக்கு 7 ரூபாய் என்று வைத்தார்கள். சிறிய தொகைதான். ஆனால் காசு எதற்கு என்பது தெளிவு: குழி தோண்டியதற்கு அல்ல, மரம் பிழைத்ததற்கு. இங்கிலாந்தின் 2021 திட்டமும் நடுகைச் செலவோடு நிற்காமல் பராமரிப்புக்கு வருடாவருடம் பணம் தருகிறது.

இன்னொரு பலவீனம் தொடக்கத்தில் சொன்ன சட்டத்தில் இருக்கிறது. தறிப்பதற்கு அலைய வேண்டிய மரத்தை நடுவதற்கு மனிதர் யோசிப்பது இயல்பு. இருபது வருடத்தில் மகனுக்குக் காசு தேவைப்படும்போது அனுமதி கிடைக்குமா என்று தெரியாதவர் பலாவை விட்டுவிட்டு மஹோகனியை வைப்பார். பலாவைக் காக்க வந்த சட்டம் பலாக்கன்றுக்கு எதிரியாகிவிடக் கூடாது. அனுமதியை எளிதாக்கி, தறிக்கும் ஒவ்வொரு பலாவுக்கும் பதிலாக வைத்த கன்றுகள் பிழைத்தனவா என்று பார்ப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

பஸ் கலஹாவைத் தாண்டியதும்

கலஹாவைத் தாண்டித் தெல்தோட்டைப் பக்கம் போகும்போது நிலம் வேறாகிறது. வீட்டுத்தோட்டம் முடிந்து தேயிலை தொடங்குகிறது. அங்கிருந்து ஹேவாஹெட்டப் பக்கமாகப் போனால் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர. இங்கேயும் மரங்கள் உண்டு. கிரவில்லியா, முருக்கு, யூக்கலிப்டஸ். எல்லாம் தோட்டத்துடையவை. அவற்றை நட்ட கைகள் லயத்தில் இருப்பவர்களுடையவை.

லயத்துக்கு முன்னால் ஒரு துண்டு நிலம் இருக்கும். ரோசா, கறிவேப்பிலை, ஒரு கொய்யா, சில இடங்களில் உரப்பையில் மிளகுக்கொடி. அந்த மிளகுக்கு மானியம் கேட்டுப் போகலாமா? படிவம் முதலில் கேட்பது உறுதியை, அல்லது காணிக்கு உரித்தைக் காட்டும் வேறொரு ஆவணத்தை. லயத்தில் இருப்பவரிடம் காட்ட ஒன்றுமில்லை. உத்தியோகத்தருக்குத் தமிழ் தெரியுமா, படிவம் தமிழில் கிடைக்குமா என்பவை அதற்குப் பிறகு வரும் கேள்விகள்.

காணி கொடுக்கப்படுகிறதே என்பீர்கள். இந்திய வீடமைப்புத் திட்டத்தோடு வந்தது ஏழு பேர்ச், அண்மைக் காலத்தில் பத்து பேர்ச் பேசப்படுகிறது. ஏழு பேர்ச் என்பது ஏறக்குறைய 177 சதுர மீற்றர். 550 சதுர அடி வீடு அதில் 51 சதுர மீற்றரை எடுத்துவிடும். மலசலகூடம், படி, தண்ணீர்த் தொட்டி, சரிவு வெட்டு எல்லாம் போக மிச்சத்தில் பத்து மீற்றர் விரியும் ஒரு பலாமரத்தை வைத்தால் அதன் நிழலே 78 சதுர மீற்றரை மூடும். ஒரு பலா வைக்கலாம், அதோடு முடிந்தது. வீட்டுத்தோட்டம் என்று ஆய்வாளர்கள் எழுதுவது இந்த அளவில் வராது.

இது எப்படி வந்தது என்பதை ஒரே வரியில் முடிக்க முடியாது. உறுதி காட்டமுடியாத காணியை முடிக்குரியதென்ற 1840ஆம் ஆண்டுச் சட்டம் கண்டிக் கிராமத்தவரின் சேனையையும் காட்டையும் கோப்பித் துரைமாருக்குத் திறந்துவிட்டது. அந்தக் கோப்பிக்கு இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளிடமிருந்து 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியபோது, கண்டி மாவட்டத்தின் நலிந்த தோட்டங்களில் பல துண்டாடப்பட்டுச் சுற்றுக்கிராமத்தவருக்குப் போயின. உள்ளே ஐந்து தலைமுறையாக இருந்தவர்கள் பட்டியலில் இல்லை. வேலை போய், பட்டினி வந்து, அடியும் விழுந்து, வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் லொறி ஏறினார்கள். 

அந்தக் காணி கிடைத்த கிராமத்தவர் மீது எனக்குக் கோபம் இல்லை. அவர்களுடைய பாட்டன்மார் 1840இல் இழந்ததில் ஒரு பகுதி அது. இன்று அங்கே மிளகும் கராம்பும் செழித்து நிற்கின்றன, மானியமும் வந்திருக்கிறது, நல்லது. ஆனால் அதே சரிவின் மறுபக்கம் லயத்தில் இருப்பவருக்கு அதே திணைக்களத்தின் வாசல் மூடியிருப்பதை மண்வளம் கொண்டு விளக்க முடியாது.

மரம் ஒருவருடையது, நிலம் இன்னொருவருடையது

காணி தராமல் மரத்தை மட்டும் கொடுக்க முடியுமா? முடியும். அதற்கு நான் தேடிக் கண்ட சிறந்த உதாரணம் டெய்லரின் சொந்த நாட்டில் இருக்கிறது.

ஸ்கொட்லாந்தின் மலைப்பகுதிகளில் குரொஃப்டர் எனப்படும் சிறு குத்தகை விவசாயிகள் இருக்கிறார்கள். செம்மறிக்கு இடம் வேண்டும் என்று பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் நிலக்கிழார்கள் ஆயிரக்கணக்கான குடும்பங்களை விரட்டியடித்த பகுதி அது. எஞ்சியவர்களின் வழிவந்தவர்கள்தான் இவர்கள். நூறு வருடத்துக்கும் மேலாகக் குத்தகை உரிமை சட்டப்படி காக்கப்பட்டிருந்தாலும், பொது மேய்ச்சல் நிலத்தில் காடு வளர்த்து அதன் பயனை எடுக்க அவர்களுக்கு வழி இருக்கவில்லை. 1991இல் குரொஃப்டர் வனச்சட்டம் வந்தது. நிலக்கிழாரின் ஒப்புதலோடு குத்தகைக்காரர் மரம் நடலாம், மரத்தின் பயன் அவருக்கு, அரசின் வன மானியமும் அவருக்கு. நிலத்தின் உறுதி கை மாறவில்லை.

கடல் கடந்து போகத் தேவையுமில்லை. மேலே சொன்ன விவசாயி மரத்தோட்டம் இதே மாதிரியான ஏற்பாடுதான். தரிசாகிப்போன அரச காணியில் ஒரு துண்டை 25 வருடக் குத்தகைக்கு விவசாயிக்குக் கொடுத்தார்கள். கன்று திட்டத்தினது, உழைப்பு விவசாயியினது, முதிர்ந்த மரமும் விவசாயியினது. மலைநாட்டிலேயே செய்து பார்த்த ஏற்பாடு. குறைகள் இருந்தன. திட்டக்காசு முடிந்ததும் மேற்பார்வை தளர்வதும், ஒரே இனமரத்தை நெருக்கமாக வைப்பதும் இப்படியான திட்டங்களின் பழைய நோய்கள். ஆனால் மரத்தின் உரிமையையும் நிலத்தின் உரிமையையும் பிரித்து எழுத இலங்கைச் சட்டம் இடம்தராது என்று இனி எவரும் சொல்லமுடியாது.

கண்டியில் இது இன்னும் சுலபமாக இருக்கவேண்டும். ஏனென்றால் மாவட்டத்தின் பல தோட்டங்கள் இன்றும் கம்பனிகளிடம் இல்லை. ஜனவசம எனப்படும் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபை, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம், எல்கடுவ பெருந்தோட்டம் ஆகிய அரச நிறுவனங்களிடம் இருக்கின்றன. அவற்றில் கொழுந்து எடுக்காமல் பற்றையாகிக் கிடக்கும் மலைகளை ஹேவாஹெட்டவிலும் நக்கிள்ஸ் அடிவாரத்திலும் பார்க்கலாம். நிலக்கிழார் அரசு, மானியம் தருவது அரசு, கன்று வளர்ப்பதும் அரசு. நடுவில் இல்லாதது ஓர் ஒப்பந்தம்.

மலைக்கு மரம் வேண்டும் என்பதற்கு இப்போது புதிய அவசரமும் சேர்ந்துவிட்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் கண்டி மாவட்டம் மண்சரிவுகளால் மிக மோசமாக அடிபட்டது. இங்கே ஓர் எச்சரிக்கை. மரம் நட்டால் மண்சரிவு நின்றுவிடும் என்று மேடையில் சொல்பவர்களை நம்பாதீர்கள். வேர் மேல்மண்ணைப் பிடிக்கும், மழைநீர் வழிந்தோடும் வேகத்தைக் குறைக்கும். ஆழத்திலிருந்து பெயரும் மலையை எந்த வேரும் பிடித்து வைக்காது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஆபத்து என்று குறித்த இடத்தில் மனிதர் இருக்கக்கூடாது, அங்கே மரம் இருக்கட்டும். அப்படியானால் அந்த மரங்களைப் பார்க்கும் வேலையும் பயனும் அங்கிருந்து இடம்மாற்றப்பட்டவர்களுக்கே போகலாம் அல்லவா?

எந்த மரம் என்பதும் கேள்வி. ஹந்தானை மலையில் நிற்கும் பைன் மரங்கள் எழுபதுகளுக்குப் பிறகு புல்மலைகளை மூடவென்று அரசு நட்டவை. பைன் வந்து ஊற்று வற்றியது என்பது கீழே உள்ள கிராமத்தவர்களின் நீண்டகாலக் குற்றச்சாட்டு, அறிஞர்கள் இன்னும் அதில் வாதாடுகிறார்கள். ஒன்று மட்டும் வாதத்துக்கு அப்பாற்பட்டது: அந்த மலையில் பைனுக்குக் கீழே சமைக்க ஒன்றும் விளையாது. 2010இல் ஹந்தானை சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவிக்கப்பட்டது. மக்களிடம் விட்டிருந்தால் பைனை நட்டிருக்க மாட்டார்கள்.

வன்னியில் இதே கதை தலைகீழாக

கண்டியில் உறுதி இருப்பவருக்கு மரம் சொத்து. வன்னியில் மரம் முளைத்ததால் காணி போயிருக்கிறது. 1990களிலும் 2008-09இலும் இடம்பெயர்ந்து போனவர்கள் பத்து, இருபது வருடம் கழித்துத் திரும்பியபோது வயலில் வீரையும் பாலையும் வளர்ந்திருந்தன. வெளியே இருந்து பார்ப்பவருக்கு அது காடு. முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் மன்னாரிலும் வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கற்கள் பழைய வயல்களுக்குள் நின்ற செய்திகளை இந்த வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உறுதி போரில் எரிந்தவருக்கு, அனுமதிப்பத்திரம் ஒருபோதும் கிடைக்காதவருக்கு, எல்லைக்கல்லோடு வாதாட எதுவும் இல்லை. அவர்களில் கணிசமானோர் எழுபதுகளில் கண்டியிலிருந்தும் மாத்தளையிலிருந்தும் வந்தவர்கள். ஒரே குடும்பம் கடதாசி இல்லாத குற்றத்துக்கு இரண்டு மாகாணங்களில் தண்டனை அனுபவித்திருக்கிறது.

ஆகவே வடக்கில் பனை, தேக்கு, வேம்பு என்று மரநடுகைத் திட்டம் எவராவது கொண்டுவந்தால், எத்தனை கன்று என்று கேட்பதற்கு முன் கேட்கவேண்டியவை சில. நடுகிறவரின் பெயர் எந்தப் பத்திரத்தில் எழுதப்படும்? மரம் வளர்ந்த பின் அந்த நிலத்தைக் காடு என்று எவரும் வர்த்தமானியில் போடமாட்டார்கள் என்ற எழுத்து உண்டா? தறிக்கும் நாளில் அனுமதி யாரிடம், எத்தனை நாளில்? உறுதிக்குப் பதிலாக நீண்டகாலம் குடியிருந்ததற்கான வேறு சான்றுகளை, வாக்காளர் பதிவையோ பிள்ளையின் பாடசாலைப் பதிவையோ கிராம உத்தியோகத்தரின் கடிதத்தையோ, ஏற்றுக்கொள்வார்களா? பெண் தலைமைக் குடும்பத்தில் காணி காணாமல் ஆக்கப்பட்ட கணவனின் பெயரில் இருந்தால் மானியம் யாருக்கு?

கண்டிக்குத் திரும்பினால், கம்பனித் தோட்டங்களின் குத்தகை 1992இலிருந்து கணக்கிட்டு 53 வருடம், அதாவது 2045 வரை. மிளகுக்கொடி மூன்றாம் வருடத்தில் காய்க்கும். பலா ஏழு, எட்டு வருடத்தில். சப்பும் மஹோகனியும் வாளுக்கு வர இருபது, இருபத்தைந்து வருடம் எடுக்கும். தோட்ட மலையில் இப்போது ஒரு தொழிலாளி வைக்கும் மரக்கன்று, குத்தகை முடியும் தறுவாயில் அறுக்கும் பருவத்தை நெருங்கியிருக்கும். அன்று அதை யார் தறிப்பது என்பதைக் கன்று கொடுக்கும் நாளிலேயே எழுதி, தமிழிலும் ஒரு பிரதியை அவர் கையில் கொடுக்கவேண்டும்.